காயலாங்கடை வாங்காத கவர்கள்

மென்பிளாஸ்டிக் என்பது கையால் கசக்கினால் சுருண்டுகொள்ளும் மெல்லிய படலம். பால் கவர், எண்ணெய் பாக்கெட், கேரி பேக், துணிக்கடை உறை, பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே என்று வீட்டின் மக்காத குப்பையில் எண்ணிக்கையில் மிகுந்திருப்பவை இவைதான். அரியலூர் மாவட்டம் செந்துறை போன்ற விவசாய வட்டாரத்தில் விதைப் பையும் நுண்ணூட்ட உர உறையும் இவற்றோடு சேரும். தண்ணீர் பாட்டிலையும் உடைந்த குடத்தையும் எடை போட்டு வாங்கும் பழைய இரும்புக் கடைகள், இந்தக் கவர்களைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

காரணம் எடை. அரை லிட்டர் பால் கவர் ஒன்று இரண்டு, மூன்று கிராம்தான் இருக்கும். தினம் ஒரு பாக்கெட் வாங்கும் வீட்டில் ஓராண்டு முழுக்கச் சேர்த்தாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். இடத்தை அடைக்கும், காற்றில் பறக்கும், கழுவாவிட்டால் நாறும். சாஷேக்கள் இன்னும் மோசம். ஒரு கிலோ சேர்க்க ஆயிரத்துக்கும் மேல் பொறுக்க வேண்டும். இரும்பையும் அட்டையையும் போலத் தானாகக் கடை தேடிப் போகும் பொருள் இதுவல்ல. அதனால்தான் தெருமுனையில் கொளுத்தப்படுகிறது. ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது. மாட்டின் வயிற்றுக்குள்ளும் போகிறது.

எல்லாக் கவரும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. பால் கவரும் எண்ணெய் பாக்கெட்டும் பெரும்பாலும் பாலிஎத்திலீன். கழிவு வியாபாரத்தில் ‘எல்.டி.’ என்று பெயர். விரலால் இழுத்தால் நீளும், கசக்கினால் அதிகம் சத்தம் எழாது. புதுச்சட்டை உறை போன்றவை பாலிபுரொப்பிலீன், அதாவது ‘பி.பி.’, நீளாமல் மொறமொறவென்று ஒலிக்கும். இரண்டும் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தவை என்பதால் மிதக்கும், பி.வி.சி. மூழ்கிவிடும். உட்புறம் வெள்ளிபோல் மின்னும் சிப்ஸ் பாக்கெட்டும் சாஷேயும் மூன்றாவது வகை. இரண்டு மூன்று படலங்களை ஒட்டி, இடையே மெல்லிய அலுமினியப் பூச்சும் வைத்துச் செய்த பல அடுக்கு உறைகள் இவை. கசக்கிவிட்டால் மெல்ல விரியும். ஒட்டிய அடுக்குகளைப் பிரித்தெடுப்பது செலவு பிடிக்கும் வேலை என்பதால் உண்மையான சிக்கல் இந்த வகையில்தான் இருக்கிறது.

வீட்டில் செய்யவேண்டியது குறைவு, ஆனால் அதைத் தவிர்க்க வழியில்லை. கவரில் ஒட்டிய பாலையும் எண்ணெயையும் அலசி, கவிழ்த்துக் காயவைத்து, ஒரு சாக்கில் போட்டுவைக்க வேண்டும். பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரே அலசப் போதும். பால் பாக்கெட்டின் மூலையைக் கத்தரிக்கும்போது துண்டை முழுதாக வெட்டாமல் கவரோடு ஒட்டிக்கொண்டிருக்க விடுவது நல்லது. தனியே விழும் அந்த முக்கோணத் துணுக்கை குப்பை வாங்க வரும் எந்தத் தூய்மைக் காவலராலும் பொறுக்கி எடுக்க முடியாது. ஈரக் கவர் ஒன்று சாக்குக்குள் போனால் மற்றவற்றிலும் பூஞ்சையும் வாடையும் ஏறும்; அந்தச் சாக்கின் விலை அங்கேயே விழுந்துவிடும். பூச்சிமருந்து உறைகளை இந்தச் சாக்கில் சேர்க்கவே கூடாது. அவற்றைக் கையால் தரம் பிரிப்பவருக்கு அது நேரடி ஆபத்து.

சாக்கு நிறைந்த பிறகு அது போகவேண்டிய வழி அரசுத் திட்டத்தில் வகுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் வீடு வீடாகக் குப்பை வாங்குபவர்கள் தூய்மைக் காவலர்கள். அவர்கள் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனியே பெற்று ஊராட்சியின் தரம் பிரிக்கும் கூடத்துக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அங்கிருந்து பிளாஸ்டிக் மட்டும் ஒன்றிய அளவிலான மையத்துக்குப் போகும். தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு, 2020-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், ஒன்றியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை மையம் அமைக்க 16 லட்சம் ரூபாய் வரை ஒதுக்கியது. தூசியை உதறும் இயந்திரம், துண்டாக்கும் இயந்திரம், அழுத்திக் கட்டும் இயந்திரம் ஆகியவை அதற்குள் இருக்கவேண்டியவை. தனி ஊராட்சி ஒன்றில் ஒரு லாரி லோடு சேர மாதக்கணக்காகும். ஒன்றியத்தின் ஊராட்சிகள் எல்லாம் ஓரிடத்தில் கொட்டினால்தான் வண்டி வாடகைக்குக் கட்டுப்படியாகும் என்பது இந்த ஏற்பாட்டின் கணக்கு.

மையத்திலிருந்து கவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது மறுசுழற்சி. சுத்தமான எல்.டி. கவர்களைத் துண்டாக்கி, கழுவி, உலர்த்தி, உருக்கி, நூலாக இழுத்து வெட்டினால் குருணை கிடைக்கும். அதிலிருந்து குப்பைப் பை, தார்ப்பாய், தோட்டக் குழாய் போன்றவை வரும். பல நிறக் கவர்கள் கலந்திருந்தால் குருணை கருத்துப்போகும், விலையும் இறங்கும். அச்சு குறைந்த, ஒரே வகையான பால் கவர் இந்தச் சந்தையில் மதிப்புள்ள சரக்கு. வீட்டில் அதை மட்டும் தனிச் சாக்கில் வைப்பதன் பயன் இங்கேதான் தெரியும்.

இரண்டாவது சாலை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் கண்ட முறை இது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பிளாஸ்டிக்கைத் தாரில் கரைப்பதில்லை. 160 டிகிரி செல்சியசை ஒட்டிச் சூடாக்கிய ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்குகளைத் தூவுவார்கள். அவை உருகி ஒவ்வொரு கல்லையும் மெல்லிய படலமாக மூடும். அதன்மேல் தார் கலக்கப்படும். கல்லுக்குள் நீர் இறங்குவது குறைவதால் மழையில் சாலை பெயர்வதும் குறைகிறது. தாரின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு உள்ளாகத்தான் பிளாஸ்டிக் சேரும். ஒரு கிலோமீட்டர் ஒற்றைத்தடச் சாலைக்குச் சுமார் ஒரு டன் செலவாகும். இந்தியச் சாலைகள் மன்றம் 2013-இல் இதற்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பல அடுக்கு உறையையும் இதில் சேர்க்கலாம். சூட்டில் குளோரின் சார்ந்த நச்சு வாயு கிளம்பும் என்பதால் பி.வி.சி.க்கு மட்டும் இடமில்லை. சாலை போடும் பருவத்தில் தேவை எழும், மற்ற மாதங்களில் துணுக்கு மூட்டைகள் கூடத்தில் காத்துக் கிடக்கும். இதை முழுத்தீர்வாகச் சொல்பவர்கள் கவனிக்கத் தவறுவது இந்த இடைவெளியைத்தான்.

மூன்றாவது சிமென்ட் சூளை. இதில் செந்துறைக்கு இருக்கும் வசதி தமிழ்நாட்டில் வேறு சில ஊர்களுக்கே உண்டு. கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் பாறையின் மேல் அமைந்த மாவட்டம் அரியலூர். செந்துறை வட்டத்துக்குள்ளேயே ஆலத்தியூரிலும் தளவாயிலும் சிமென்ட் ஆலைகள் உள்ளன. ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், அரசு ஆலை இயங்கும் அரியலூர் ஆகியவையும் அதிகத் தொலைவில் இல்லை. சூளையில் சுண்ணாம்புக் கலவை 1,450 டிகிரிக்குச் சூடாக வேண்டும். உள்ளே சுடரின் வெப்பம் 2,000 டிகிரியை எட்டும். தெருவில் எரியும்போது அரைகுறையாக வெந்து கரும்புகையும் நச்சும் கக்கும் பிளாஸ்டிக், அந்த வெப்பத்தில் முழுதாக எரிந்துபோகிறது. மிஞ்சும் சாம்பல், சூளையில் உருவாகும் கிளிங்கர் என்ற சிமென்ட் கட்டியிலேயே கலந்துவிடுகிறது. பாலிஎத்திலீனின் எரிதிறன் இந்திய நிலக்கரியினுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேல் என்பதால் ஆலைக்கும் ஆதாயம். ஈரமும் மண்ணும்தான் ஆலைக்காரர்களுக்குத் தலைவலி. பி.வி.சி. இன்னொரு தலைவலி: குளோரின் உப்புகள் சூளையின் குழாய்களில் படிந்து அடைத்துவிடும்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016, குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் நிலையத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் உள்ள தொழிற்சாலைகள் தம் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதத்தை அதிலிருந்து பெற வேண்டும் என்றன. சென்னையின் பழைய குப்பைமேடுகளைத் தோண்டிச் சலித்தபோது கிடைத்த பிளாஸ்டிக், 250 கிலோமீட்டர் தாண்டி அரியலூர் ஆலைகளுக்கு லாரி ஏறி வந்தது. பக்கத்து ஊராட்சியின் சாக்குக்கு அந்த வாடகைச் சுமை கிடையாது. உலர்ந்து, மண்ணில்லாமல், ஆலை ஏற்கும் அளவில் சேர்வதே மிச்சமிருக்கும் நிபந்தனை.

சூளையையும் சாலையையும் மறுசுழற்சி என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. சட்டம் அப்படிக் கருதவில்லை. உற்பத்தியாளர் பொறுப்பு குறித்து ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்ட நெறிமுறைகள், பிளாஸ்டிக் உறைகளைக் கட்டியான பொருள், மென்படலம், பல அடுக்கு, மக்கக்கூடியது என்று வகைப்படுத்தின. மென்படலத்திலும் பல அடுக்கிலும் 2024-25-இல் 30 சதவீதமும் 2027-28-இல் 60 சதவீதமும் மறுசுழற்சி ஆகியிருக்க வேண்டும் என்பது இலக்கு. சாலை, சூளை, எண்ணெயாக்கல் ஆகியவை அதில் சேராது. மறுசுழற்சிக்கு ஒவ்வாததற்கான இறுதி அகற்றல் என்றே அவை வைக்கப்பட்டிருக்கின்றன. சூளைக்குப் போனது மீண்டும் கவராக வருவதில்லை, அடுத்த கவருக்குப் புதிய பெட்ரோலியம்தான் வேண்டும் என்பதால் இந்தப் பிரிவினை சரியானதே. பால் கவரைச் சூளையில் எரிப்பது விரயம். சிப்ஸ் பாக்கெட்டுக்கு இப்போதைக்கு அதைவிட நல்ல வழி அருகில் இல்லை.

வீடு வீடாக வாங்குவதற்குப் பதில் மக்களே கொண்டுவந்து போடும் சேகரிப்பு மையம் வைக்கலாம் என்ற யோசனைக்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது ஓர் எச்சரிக்கை. ரெட்சைக்கிள் என்ற திட்டம் 2011 முதல் பேரங்காடி வாசல்களில் பெட்டி வைத்து மென்பிளாஸ்டிக்கை வாங்கியது. மக்கள் ஆர்வத்தோடு நிரப்பினார்கள். வாங்கிப் பயன்படுத்த ஆலைகள் போதவில்லை. துணை நின்ற மெல்போர்ன் ஆலை ஒன்று 2022-இல் தீப்பிடித்தது. அவ்வாண்டு நவம்பரில் திட்டம் நின்றபோது கிடங்குகளில் சுமார் 11,000 டன் கவர்கள் குவிந்திருந்தன. அங்கே பெட்டி இருந்தது, வாங்குபவர் இல்லை. செந்துறை வட்டாரத்தில் நிலைமை தலைகீழ்: எரிக்கும் சூளை பக்கத்திலேயே இருக்க, பற்றாக்குறையாக இருப்பது பிரித்துச் சேர்க்கும் கை.

கவரின் வரவையே குறைக்க, 1 ஜனவரி 2019 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டன. துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. பால், எண்ணெய், மருந்து உறைகளுக்குத் தடையில் விலக்கு இருந்ததால் கேரி பேக் குறைந்தாலும் பால் கவர் குறையப் போவதில்லை.

திருப்பிக் கொடுத்தால் காசு என்ற முறையும் இப்பகுதிக்குப் புதிதல்ல. நீலகிரியில் 2022-இல் தொடங்கிய டாஸ்மாக் காலிபாட்டில் திட்டம் அதே ஆண்டில் பெரம்பலூர், கோவை மாவட்டங்களுக்கும் வந்தது. விற்கும்போது 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, பாட்டிலைத் தந்தால் திருப்பித் தருவார்கள். கண்ணாடி பாட்டிலுக்குப் பத்து ரூபாய் வைக்கலாம். கவருக்கு அப்படி ஒரு தொகை வைத்தால் அது உள்ளே இருக்கும் பாலின் விலையையே உயர்த்திவிடும். சில பைசா வைத்தால் யாரும் எடுத்துவர மாட்டார்கள். ஆகவே கவரைச் சேர்க்கும் செலவு தயாரிப்பாளர் மீது விழும்படிதான் 2022 நெறிமுறைகள் எழுதப்பட்டுள்ளன: மறுசுழற்சி ஆலை வழங்கும் சான்றிதழை அவர்கள் விலைகொடுத்து வாங்கி இலக்கைக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தப் பணம் ஆலையைத் தாண்டி, சாக்கைத் தரம் பிரிக்கும் கூடம்வரை இறங்கினால்தான் ஊராட்சிக்குக் கவர் கட்டுப்படியாகும் சரக்காகும்.