கழிஞ்சமலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி வாக்கில் எந்த ஆபீஸுக்குள் நுழைந்தாலும், இரண்டு பேர் தலையோடு தலை ஒட்டவைத்துக்கொண்டு கிசுகிசுத்துக்கொண்டிருப்பார்கள். ஏதோ இன்க்ரிமென்ட் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 'சண்டே எங்கே போகலாம்?' அவ்வளவுதான். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் கொடைக்கானலில் வந்து நிற்கும். ஏரியைச் சுற்றிலும் ஜனக்கூட்டம், ரூமுக்கு டபுள் ரேட், ஆறிப்போன பஜ்ஜி... எல்லாம் முடித்துக்கொண்டு திங்கட்கிழமை காலையில் கண் சிவக்க வந்து ஃபைலைத் திறப்பார்கள்.

நான் வேறொரு மலை சொல்கிறேன். ஹில் ஸ்டேஷன் கிடையாது, ஸ்வெட்டர் தேவையில்லை. போட்டிங், குதிரை சவாரி ஊஹூம்! மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஊரின் பெயர் அரிட்டாபட்டி. ஒரு பைக், இரண்டு பாட்டில் தண்ணீர், தலைக்கு ஒரு தொப்பி, வாயைக் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டு வரத் தெரிந்த ஒரு நண்பன். இதில் நாலாவதுதான் கிடைப்பது கஷ்டம்.

வெள்ளனே கிளம்பிவிடுவது நல்லது. மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் ரோட்டில் போனால் ஒத்தக்கடையில் யானைமலை வந்து நிற்கும். மண்டி போட்டுப் படுத்த யானை போலவே இருக்கிறது என்பதால் அந்தப் பெயர். 2010-ல் இந்த யானையைச் செதுக்கி சிற்ப நகரம் ஆக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்ப, சுற்றுவட்டாரத்து ஜனங்கள் 'ஏற்கெனவே சிற்பமாத்தானய்யா இருக்கு, இதுல இன்னும் என்னத்தைச் செதுக்கப் போறீங்க?' என்கிற தோரணையில் எதிர்த்து நிற்க, யோசனை அப்படியே அமுங்கிப் போனது. அங்கேயே ஒரு டீயும் ஆமை வடையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். நரசிங்கம்பட்டிப் பக்கம் இடது கையில் திரும்பினால், லாரிச் சத்தம் மெள்ள மெள்ளத் தேய்ந்து, ரோட்டின் இரண்டு பக்கமும் வயல் வந்துவிடும்.

வயலுக்குப் பின்னால் பாறை. ஒன்று முடிந்தால் இன்னொன்று. மொத்தம் ஏழு குன்றுகள். கழிஞ்சமலை, நாட்டார்மலை, ராமாயிமலை, தேன்கூடுமலை, கூகைகத்திமலை என்று பெயர்களே ஒரு தினுசாக இருக்கின்றன. ஆந்தை கத்தியதற்கெல்லாம் மலைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நம்ம ஏரியாவில் நாய் கத்துகிற கத்தலுக்கு நாலு நகர் பெயர் மாறியிருக்க வேண்டும்.

கண்மாய்க் கரையில் ஒரு பெரியவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியை நிறுத்தி, "ஐயா, கழிஞ்சமலைக்கு எப்படிப் போகணும்?" என்றேன். என்னையும் என் பளபள ஷூவையும் ஒரு பார்வை பார்த்தார்.

"மலைக்கா? அந்தா தெரியுதுல்ல, அதான். இங்கிட்டு வயக்காட்டு வழியாப் போங்க தம்பி. பாட்டில் கீட்டில் கொண்டுட்டு வரலியே?"

"தண்ணி பாட்டில்தாங்க ஐயா."

"எல்லாப் பயலும் அதைத்தான் சொல்றான். உடைச்சுப் போட்டுப் போய்டுறான். ஆட்டுக் கால்ல குத்துது."

பையைத் திறந்து காட்டிய பிறகுதான் முகத்தில் சிரிப்பு வந்தது. அப்புறம் அவரே கூட வந்தார். ஆடுகளும் வந்தன.

அந்த மலையில் புல்லும் புதருமாக அங்கங்கே கொஞ்சம். மற்றபடி மொட்டைப் பாறைதான். 'இதில் என்ன அழகு' என்று முதலில் தோன்றும். பெரியவர் சொன்ன கணக்கைக் கேட்டால் புரியும். மழை பெய்தால் பாறை ஒரு சொட்டையும் குடிக்காது. எல்லாம் வழிந்து கீழே வந்துவிடும். பாறை இடுக்கில் புகுந்தது சுனையாகத் தங்கும். மிச்சம் கண்மாய்க்குப் போகும். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு. இப்படியே ஊர் ஊராக இறங்கும். இந்த வட்டாரத்தில் 72 ஏரி, 200 சுனை, 3 தடுப்பணை இருப்பதாக அரசாங்கமே சொல்கிறது. ஆனைக்கொண்டான் கண்மாய் 16-ம் நூற்றாண்டில், பாண்டியர் ஆட்சியில் வெட்டியதாம். நம் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி கட்ட நாலு காண்ட்ராக்டர் மாற்றுகிறோம். அந்தக் கண்மாய் நானூறு வருஷத்துக்கு மேல் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆக, மலை என்பது இங்கே வேடிக்கை பார்க்கிற வஸ்து இல்லை. ஊருக்கே மேல்நிலைத் தொட்டி!

கழிஞ்சமலையில் ஒரு குகை. உள்ளே கல்லில் வெட்டிய படுக்கைகள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் சமணத் துறவிகள் படுத்த இடம். குகை வாசலுக்கு மேலே பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். மழைத் தண்ணீர் வழிந்து உள்ளே வராமல் அந்தக் காடியோடு விலகிப் போய்விடும். அதற்குக் கீழே தமிழ் பிராமி எழுத்து. குகையைச் செய்து கொடுத்தது நெல்வேலிக்காரர் ஒருவர் என்று ஒரு கல்வெட்டு. 1971-ல் கண்டுபிடித்தது. இன்னொன்று 2003-ல் கண்ணில் பட்டது. அதில் இலஞ்சியைச் சேர்ந்த ஒரு வேள் மகனின் பெயர். குற்றாலத்துப் பக்கத்து இலஞ்சிதான் அது என்றால், அந்தக் காலத்தில் பஸ்ஸா, ரயிலா? அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, யாரோ துறவிகள் படுக்க இடம் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் ஆபீஸ் சுற்றுலாவுக்கு இருநூறு ரூபாய் சந்தா கேட்டால் பாத்ரூம் பக்கம் ஒதுங்குகிற ஆட்கள்.

பக்கத்திலேயே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர். அச்சணந்தி என்கிற துறவி செய்வித்தது. கீழே வட்டெழுத்தில் எழுதியிருக்கிறது. மலையின் இன்னொரு பக்கம், பாண்டியர் குடைந்த சிவன் கோயில். இடைச்சி மண்டபம் என்கிறார்கள் ஊரில். வாசலில் ஒரு பக்கம் பிள்ளையார், ஒரு பக்கம் கையில் தண்டோடு இலகுலீசர். இலகுலீசர் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். கொஞ்ச தூரத்தில் மீனாட்சிபுரம். அங்குள்ள மாங்குளம் மலைக் கல்வெட்டில் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. 1882-ல் ராபர்ட் சீவல் என்ற வெள்ளைக்காரர் கண்டெடுத்தது. எழுத்து தமிழ்தான் என்று புரிந்துகொள்ளவே அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

நான் கல்வெட்டைப் படிப்பது போல பாவனை செய்துகொண்டிருந்தேன். பெரியவர் தோளைத் தட்டினார். "மேல பாருங்க தம்பி!"

பாறை உச்சியிலிருந்து ஒரு பறவை பிரிந்தது. இறக்கையை மடக்கியது. அடுத்த விநாடி அது இருந்த இடத்தில் இல்லை. கீழே புறாக் கூட்டம் சிதறியதைத்தான் பார்த்தேன். வல்லூறு! இந்த ஜாதி பாய்ந்து இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். ஷாஹீன் வல்லூறு, லகர் வல்லூறு, ராஜாளிக் கழுகு என மூன்று பெரிய வேட்டைக்காரர்களும் இந்தப் பாறைகளில் குடியிருக்கிறார்கள். மொத்தம் 250 வகைப் பறவைகள். ராத்திரியில் தேவாங்கும் எறும்புதின்னியும் நடமாட்டம். மலைப்பாம்பும் உண்டு. (ஷூவை உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.)

இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேரைப் 'பல்லுயிர் பாரம்பரியத் தலம்' என்று அரசு அறிவித்தது. தமிழ்நாட்டிலேயே முதல் தலம். ஊர்க்காரர்கள் ஆடு மேய்க்கலாம், விவசாயம் பார்க்கலாம். அதற்குத் தடையில்லை.

சரி, பிரச்னை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? இரண்டே வருஷம். 2024 நவம்பர் 7-ம் தேதி ஒரு செய்தி. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போய்விட்டது! அந்தக் காலத்துக் குண்டு பல்புக்குள் சிவக்கச் சிவக்க எரியுமே ஒரு கம்பி, அந்த டங்ஸ்டன்தான். 3,400 டிகிரி சூட்டிலும் சுலபத்தில் உருகாது. ராணுவத் தளவாடம், வெட்டுக் கருவி என்று ஏகப்பட்ட கிராக்கி. மத்திய அரசு ஏலம் விட்ட பரப்பு 2,015 ஹெக்டேருக்கும் மேல். சுமாராக ஐயாயிரம் ஏக்கர். வயலும் வீடும் கண்மாயும் அதற்குள்ளே. பாரம்பரியத் தலம் என்று போர்டு வைத்த மலையும் அதற்குள்ளே!

மேலூர்க்காரர்களுக்கு மலை காணாமல் போவது என்ன என்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கிரானைட்டுக்காக அந்தப் பக்கத்துக் குன்றுகள் வெட்டுப்பட்டுக் குளமாகக் கிடப்பதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள். 2012-ல் கலெக்டராக இருந்த சகாயம் அனுப்பிய அறிக்கை, அரசுக்கு நஷ்டம் 16,000 கோடிக்கு மேல் என்றது. பாறை போனால் சுனை போகும். சுனை போனால் கண்மாய் போகும் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அதனால் இந்தத் தடவை காத்திருக்கவில்லை. கிராம சபைகளில் தீர்மானம். மேலூரில் கடையடைப்பு. டிசம்பர் 9-ல் சட்டசபையிலும் ஒருமனதாகத் தீர்மானம். 2025 ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நடந்தே வந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு வந்த பெண்கள், கம்பு ஊன்றி வந்த கிழவர்கள்... ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

"நீங்களும் நடந்தீங்களா ஐயா?" என்றேன்.

"பின்னே? ஆட்டை மருமக கையில விட்டுட்டுப் போனேன். முழங்கால் நாலு நாள் பேசல" என்றார். பேப்பரில் ரத்து என்று போட்டதை பேரன் படித்துக் காட்டினானாம். "திரும்ப ஒருக்காப் படிடான்னேன்."

டங்ஸ்டன் நாட்டுக்கு வேண்டாமா என்று நண்பன் கேட்டான். எகனாமிக்ஸ் படித்தவன், கேட்பான். வேண்டும்தான். ஆனால், எதைக் கொடுத்து என்பதுதானே பேச்சு? மண்ணுக்குள் இருக்கும் கம்பிக்கு வயசு கிடையாது. எடுக்காமல் விட்டால் கெட்டுப் போகாது. மறுகாலை ஒரு தரம் அறுத்துவிட்டால் எந்த டெண்டர் விட்டு ஒட்டவைப்பீர்கள்?

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. கல்படுக்கையில் உங்கள் பெயரையும் காதலி பெயரையும் கிறுக்காதீர்கள். ஏற்கெனவே சில மகானுபாவர்கள் கைவரிசையைக் காட்டியிருக்கிறார்கள், பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. வல்லூறு கூடு வைத்த பாறையில் ஏறுவது, பாட்டை அலறவிடுவது எதுவும் வேண்டாம். கடைகளை நம்பிப் போகாதீர்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய், கவரைத் திரும்ப எடுத்து வாருங்கள். பத்து மணிக்கு மேல் பாறை தோசைக்கல். கோடையில் போய்விட்டு என்னைத் திட்டக் கூடாது.

"எந்த மாசம் வந்தா நல்லாருக்கும்?" என்று கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன்.

"மழை நல்லாப் பேஞ்சா மார்கழியில வாங்க. கண்மாய் பெருகிக் கிடக்கும். மறுகால் பாயிற சத்தம் ஊருக்குள்ள கேக்கும். ஏத்து மீன் பிடிக்கப் பொடிப் பயலுக பூராம் அங்கிட்டுத்தான் நிப்பாய்ங்க" என்றவர், என் ஷூவை மறுபடி ஒரு பார்வை பார்த்தார். "அப்ப இதெல்லாம் போட்டுட்டு வராதீங்க தம்பி, சகதில போயிரும்."