மலட்டு மாத்திரையும் மலட்டு ஊசியும்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில் சாப்பிட வந்த சிலர், உணவுக்குள் வெள்ளை நிறத்தில் ஏதோ கட்டி இருப்பதாகச் சத்தமிட்டார்கள். "வந்த பெத்தி" என்றார்கள். மலட்டு மாத்திரை என்று பொருள். சிங்களவர்களின் சந்ததியை அழிக்க முஸ்லிம் கடைக்காரர்கள் சாப்பாட்டில் இதைக் கலக்கிறார்கள் என்ற கதை அதற்கு முன்பே சிங்கள முகநூல் பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர், சுற்றி நின்றவர்களின் மிரட்டலுக்கு நடுவே தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் காணொளியாகப் பரவியது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. கடைகள் உடைக்கப்பட்டன, வாகனங்கள் எரிந்தன.

அந்தக் கட்டியை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதித்தது. அது மாக்கட்டி. சரியாகக் குழைக்கப்படாத வெறும் மா.

மாப்பொருளின் மீது அயடீன் கரைசலில் ஒரு துளி விட்டால் கருநீலமாக மாறும். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் முன்பே எல்லாப் பிள்ளைகளும் சோற்றிலோ உருளைக்கிழங்கிலோ செய்து பார்க்கும் பரிசோதனை இது. சிங்கள மொழி மூலம் படித்தவர்களும் செய்தார்கள், தமிழ் மொழி மூலம் படித்தவர்களும் செய்தார்கள். அந்த இரவில் ஒரு துளி அயடீன் கும்பலைத் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தடுத்திருக்காது. எரிக்க வந்தவனுக்குப் பரிசோதனை தேவையில்லை. ஆனால் அந்தக் காணொளியை வீட்டிலிருந்து பார்த்து "இருக்கலாம்" என்று நினைத்து அடுத்தவருக்கு அனுப்பிய ஆயிரக்கணக்கானவர்கள் கும்பல் அல்ல. அவர்களும் பாடசாலைக்குப் போனவர்கள்தான். ஒரு நேரச் சாப்பாட்டோடு விழுங்கி ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் இல்லை. பெண்கள் பாவிக்கும் கருத்தடை மாத்திரையை ஒவ்வொரு நாளும் விழுங்க வேண்டும். நிறுத்தினால் கருத்தரிக்கும் தன்மை திரும்பி வந்துவிடும். ஆண்களுக்கான கருத்தடை மாத்திரை சந்தைக்கே வரவில்லை. இதை யாரும் கேட்கவில்லை.

ஒரு வாரத்திற்குள் நெருப்பு எமது மாவட்டத்திற்கு வந்தது. திகனை வன்முறைக்கு உடனடிக் காரணம் வேறு என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வீதித் தகராறு ஒன்றில் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் 3ஆம் திகதி மரணமானார். ஆனால் ஒரு குற்றத்தை ஒரு சமூகத்தின் சதியாக மாற்றுவதற்கு மலட்டு மாத்திரைக் கதை முன்கூட்டியே மனங்களைத் தயார் செய்து வைத்திருந்தது. வீட்டிற்குள் சிக்கிய ஓர் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. முகநூலும் வட்ஸ்அப்பும் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. அந்த வன்முறையில் தனது தளத்திற்கு இருந்த பங்கிற்காக 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

அடுத்த வருடமே அந்தக் கதை வேறு உடுப்பில் வந்தது. குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாபி ஷிஹாப்தீன், சத்திரசிகிச்சைப் பிரசவத்தின்போது ஆயிரக்கணக்கான சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரும் தாதியரும் சுற்றி நிற்கும் சத்திரசிகிச்சைக் கூடத்தில் இது எப்படி முடியும் என்று கேட்க ஆளில்லை. ஆதாரம் கிடைக்கவில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொல்லும்போது அவரது பெயர் நாசமாகியிருந்தது.

கொவிட் காலத்தில் நடந்தது இதைவிடக் கொடியது. ஏனெனில் அப்போது போலி அறிவியல் வர்த்தமானியில் ஏறியது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி, கொவிட் தொற்றால் மரணிப்போரை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலக்கும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கலாம் அல்லது எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே வழிகாட்டல் வெளியிட்டிருந்தது.

இந்த வாதத்தின் ஓட்டை எங்கே என்பதைப் பார்ப்போம். வைரஸ் பக்டீரியாவைப் போன்றதல்ல. அது தானாகப் பெருகாது. பெருகுவதற்கு உயிருள்ள கலம் வேண்டும். மனிதர் இறந்து கலங்களும் இறந்தால் வைரஸின் தொழிற்சாலை மூடப்பட்டுவிடும். கொரோனா வைரஸைச் சுற்றியிருப்பது கொழுப்பு உறை. சவர்க்காரத்திற்கே உடைந்துபோகும் அந்த உறையோடு, ஆறடி ஆழத்தில், நீர் புகாத உறையில் சுற்றிய உடலிலிருந்து மண்ணைக் கடந்து அது கிணற்றுக்குப் போக வேண்டும். இன்னொன்று: உயிரோடிருந்த நோயாளிகளின் மலத்திலும் வைரஸின் கூறுகள் இருந்தன. அந்த மலம் நாடு முழுவதும் மலக்குழிகளுக்குத்தான் போனது. எமது மலைச்சரிவுகளில் மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். நீரினால் பரவும் நோயாக இருந்திருந்தால் ஜனாஸாவுக்கு முன்பே மலக்குழி பரப்பியிருக்கும்.

இதைச் சொல்ல வெளிநாட்டிலிருந்து யாரும் வரத் தேவையில்லை. 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்த விஞ்ஞானிகளில் ஒருவரான பேராசிரியர் மலிக் பீரிஸ் கண்டியில் பிறந்தவர், பேராதனையில் மருத்துவம் படித்தவர். முறையாக அடக்கப்படும் உடலினால் நிலத்தடி நீர் மாசடைய வாய்ப்பு மிகமிகக் குறைவு என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். இலங்கை மருத்துவச் சங்கமும் 2021 ஜனவரியில் அடக்கம் செய்யலாம் என்றது. அரசு கேட்கவில்லை. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தை பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 பெப்ரவரி இறுதியில் வர்த்தமானி மாற்றப்பட்டு, மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்படும் வரை எரிக்கப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கை 276. அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது 2024 ஜூலையில்.

அதே டிசம்பரில் எமது கண்டி வீதியில், மாவனெல்லைக்கு அடுத்துள்ள கேகாலையில், தம்மிக்க பண்டாரவின் பாணிக்கு ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். தேனும் சாதிக்காயும் கலந்தது, காளி தேவி அருளியது என்றார். சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கமராவுக்கு முன் அதைக் குடித்தார். அடுத்த மாதம் அவருக்கே கொவிட். அடக்கம் செய்ய நாம் அனுமதி கேட்டபோது ஆதாரம் போதாது என்ற அதே அமைச்சு, பாணிக்கு ஆதாரம் கேட்கவில்லை. இந்த இரட்டை அளவுகோலைத்தான் நாம் அன்று நியாயமாகச் சுட்டிக்காட்டினோம்.

அந்த அளவுகோலை இப்போது எமது பக்கம் திருப்ப வேண்டியிருக்கிறது.

2017 முதல் இலங்கையில் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாக வழங்கப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸுக்கு எதிரான ஊசி இது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசிகள். பெற்றோரின் சம்மதப் படிவம் வேண்டும். படிவங்கள் கையொப்பமின்றித் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். "டீச்சர், இந்த ஊசியப் போட்டா புள்ளைக்குப் பொறவு புள்ள கெடைக்காதாமே?" என்று ஒரு தாய் கேட்டார். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்றேன். குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு. பேசியவர் யார் என்று குழுவில் யாருக்கும் தெரியாது.

முஸ்லிம்கள் எங்களை மலடாக்குகிறார்கள் என்பது அம்பாறையில் சொல்லப்பட்ட பொய். எங்களை மலடாக்குகிறார்கள் என்பது எமது குழுவில் சுற்றும் பொய். மாத்திரை ஊசியாகியிருக்கிறது, எதிரி மாறியிருக்கிறான், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

அந்த ஊசிக்குள் இருப்பது வைரஸின் வெளிப்புறப் புரதக் கோது மட்டுமே. உள்ளே மரபணு கிடையாது. கரு இல்லாத வெறும் முட்டைக் கோதிலிருந்து குஞ்சு வராது அல்லவா, அதுபோலத்தான். ஆனால் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதி அந்தக் கோதைப் பார்த்து எதிரியின் முகத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது. குழந்தைப் பாக்கியத்தைப் பறிப்பது உண்மையில் அந்தப் புற்றுநோய்தான். சிகிச்சைக்காகக் கருப்பையையே அகற்ற வேண்டி வரும். "எங்கட புள்ளைகள் ஒழுக்கமானவங்க, இது தேவையில்லை" என்று சொல்வோரும் உண்டு. பெண் எவ்வளவு பேணுதலாக இருந்தாலும் வைரஸ் கணவன் மூலம் வரலாம். திருமணத்திற்குப் பல வருடங்களுக்கு முன்பே கொடுப்பதற்குக் காரணம், வைரஸ் உடலுக்குள் வருமுன் எதிர்ப்பு உருவாகியிருக்க வேண்டும் என்பதே. பிள்ளையின் ஒழுக்கத்தைப் பற்றிய தீர்ப்பு எதுவும் அதில் இல்லை.

இந்த வதந்திக்கு முஸ்லிம் உலகம் ஏற்கனவே விலை கொடுத்திருக்கிறது. 2003இல் நைஜீரியாவின் கானோ மாநிலத்தில், போலியோ சொட்டு மருந்தில் மலடாக்கும் பொருள் இருப்பதாகச் சொல்லி அதை நிறுத்தினார்கள். அரசியல்வாதிகளும் மார்க்கத் தலைவர்களும் சேர்ந்தே நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஒரு வருடத்திற்குப் பின், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரித்த மருந்தைக் கொண்டு வந்த பிறகே மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் நைஜீரிய வைரஸ் நாடு நாடாகப் பரவியிருந்தது. 2005இல் அது இந்தோனேசியாவிற்கே போய்ச் சேர்ந்து, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை முடமாக்கியது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். எமது தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனதால் கிடைத்தது அது.

சந்தேகத்திற்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பின் லாதினைத் தேடி அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை 2011இல் போலித் தடுப்பூசித் திட்டம் ஒன்றை நடத்தியது உண்மை. அது பெரும் அநியாயம், பாகிஸ்தானில் தடுப்பூசி வேலை செய்வோரின் உயிருக்கே ஆபத்தாக முடிந்தது. ஆனால் அங்கே பொய்யாக இருந்தது திட்டத்தின் நோக்கம். ஊசி யாரையும் மலடாக்கவில்லை.

மார்க்கத்தின் பெயரில் வருபவை இன்னும் சிக்கலானவை. அவற்றைக் கேள்வி கேட்டால் ஈமானில் குறை என்று சொல்லிவிடுவார்கள். சந்திரனில் நீண்ட வெடிப்பு ஒன்றைக் காட்டும் படம் ரமழான் தோறும் வரும். சந்திரன் பிளந்ததை நாசா உறுதி செய்துவிட்டது என்று கீழே எழுதியிருக்கும். படம் உண்மையானது, 1969இல் அப்பலோ 10 எடுத்தது. அந்தப் பள்ளம் ஏறத்தாழ 300 கிலோமீற்றர் நீளம். சந்திரனின் சுற்றளவு சுமார் 10,900 கிலோமீற்றர். கணக்கை நீங்களே பாருங்கள். நாசா அப்படி எதையும் உறுதி செய்யவில்லை. அல்லாஹ் குர்ஆனில் சொன்னதை நாம் ஈமான் கொள்கிறோம், அதற்கு நாசாவின் முத்திரை வேண்டியதில்லை. அதுவும் போலி முத்திரை. தரம் 10 மாணவன் ஒருவன் இந்தப் படத்தைத் தேடிப் பார்த்து, சொன்னது பொய் என்று கண்டுபிடிக்கும் நாளில் அவன் எதைச் சந்தேகிப்பான் என்பதுதான் என் கவலை.

இத்தனைக்கும் செய்தியைச் சரிபார்க்கும் கலையை உலகிற்குக் கற்றுக்கொடுத்த சமூகம் நாம். ஸூரா அல்ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் வரும் செய்தியை விசாரிக்கச் சொல்கிறது. ஹதீஸ் அறிஞர்கள் ஒரே ஒரு அறிவிப்பாளரின் நினைவாற்றலை அறிய மாதக்கணக்கில் பயணம் செய்தார்கள். அறிவிப்பாளர் வரிசையில் பெயர் தெரியாத ஒருவர் வந்தாலே அந்த ஹதீஸ் பலவீனமாகிவிடும். "வந்தது வந்தபடி" என்று எழுதி அனுப்பப்படும் குரல் பதிவின் ஸனத் எங்கே? முதல் அறிவிப்பாளரே மஜ்ஹூல்.

பெரும்பாலான ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத்திற்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. ஜனாஸா அறிவித்தலும் தொழுகை நேரமும் அதில்தான் வருகின்றன. மருந்து, தடுப்பூசி, நோய் பற்றிய எதுவும் ஊரின் வைத்தியர் ஒருவர் பார்க்காமல் அந்தக் குழுவில் போகக் கூடாது என்று நிர்வாகம் ஒரு விதி போட்டால் போதும், செலவு எதுவும் இல்லை. எமது ஊர்களில் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் குறைவில்லை. படிவம் கையில் கிடைத்த தாய்மாருக்கு அதைவிட இலகுவான வழி ஒன்று உண்டு: கர்ப்பமாக இருந்தபோது வீட்டுக்கு வந்து எடை பார்த்த குடும்பநல உத்தியோகத்தர். தரம் 6 பிள்ளையின் ஊசியைப் பற்றி அவரிடமே கேட்கலாம், அல்லது பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். அவர்களுக்குப் பெயரும் முகவரியும் உண்டு, சொன்ன பதிலுக்குப் பொறுப்பும் உண்டு.