இராமானுஜன் வளர்ந்த இல்லம்

திருவண்ணாமலையில் விடியற்காலையில் பேருந்து ஏறினால், கும்பகோணம் சென்று கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீட்டைக் கண்டு, இரவுக்குள் திரும்பிவிடலாம். வழியில், தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர் வரும். அவ்வூரையும் மாணவர்கள் நினைவிற் கொள்க. காரணம் பின்னர் விளங்கும்.

கும்பகோணத்துச் சாரங்கபாணி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் தொலைவிலேயே வழிகாட்டும். அக்கோயிலின் சந்நிதித் தெருவில் அவ்வீடு உள்ளது. மாளிகையை எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாறுவர். தெருவை ஒட்டி ஒரு திண்ணை, உள்ளே சன்னலோரம் கட்டிலுடன் ஒரு சிற்றறை, அப்பால் சமையலறை, கொல்லையில் கிணறு. அவ்வளவே. சாஸ்திரா பல்கலைக்கழகத்தார் 2003-ஆம் ஆண்டில் இதனை வாங்கிச் செப்பனிட்டு, நினைவில்லமாகப் போற்றி வருகின்றனர்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில், தம் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சேலைக்கடையில் கணக்கெழுதியவர். வருவாய் போதாமையால், கல்லூரி மாணவர் இருவரை வீட்டில் தங்கவைத்து உணவளித்தனர். அவர்கள் அறிந்த கணிதம் முழுவதையும் பதினொரு வயதுக்குள் இச்சிறுவர் கேட்டுத் தீர்த்துவிட்டார்!

அத்திண்ணையை நின்று பார்த்தல் வேண்டும். அங்கேதான் மடியில் கற்பலகையுடன் அவர் அமர்ந்திருப்பார். தாள் வாங்கப் பணமில்லை. பலகையில் கணக்கிடுவார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதுவார். ஆதலின் ஆயிரக்கணக்கான முடிவுகள் நிறுவலின்றியே எஞ்சின. முழங்கை அழித்ததை மீட்கும் பணி பிறருக்கு வாய்த்தது. அமெரிக்க அறிஞர் புரூஸ் பெர்ண்ட் அவற்றை நிறுவி எழுதிய ஐந்து பாகங்கள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன.

கணிதமன்றிப் பிற பாடங்களில் மனஞ்செல்லாமையால், 1904-இல் கிடைத்த கல்லூரி உதவித்தொகையை அவர் இழந்தார். தேர்வுகளிலும் தோற்றார். 1909-இல் திருமணமும் நடந்தது. பிழைக்க வழி வேண்டுமே! மறு ஆண்டு, குறிப்பேடுகளைச் சுமந்துகொண்டு திருக்கோவலூர் சேர்ந்தார். அங்குத் துணைக் கலெக்டராயிருந்த இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் தோற்றுவித்தவர். எழுத்தர் வேலை வேண்டி நின்றவரின் ஏடுகளைப் புரட்டிய ஐயர் வியந்தார். இத்தகைய அறிவை வருவாய்த்துறையின் கீழ்ப்படியில் முடக்க மனமின்றி, சென்னை நண்பர்களுக்குக் கடிதங்கொடுத்து அனுப்பினார். வேலை மறுத்ததே பேருதவி ஆயிற்று.

சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் முப்பது ரூபாய்ச் சம்பளம், மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்குக் கடிதம், 1914-இல் கடற்பயணம், 1918-இல் இராயல் கழக உறுப்பினர் பதவி. நோயுற்றுத் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் முப்பத்திரண்டாம் வயதில் சென்னையில் மறைந்தார்.

பொழுதிருப்பின், அவர் பயின்ற நகர உயர்நிலைப் பள்ளியையும் கும்பகோணத்திலேயே கண்டு வரலாம்.