மகனுக்கு சிவிக், அம்மாவுக்கு மைவி

பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. மகன் கைப்பேசியை நீட்டி ஒரு ஹோண்டா சிவிக் 2.0-வைக் காட்டுவான். 2010 வாக்கில் வந்தது, கறுப்பு நிறம், பெரிய ரிம். அம்மா மைவி போதும் என்பார். அப்பா எந்தப் பக்கமும் சேராமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எண்ணெய் எவ்வளவு குடிக்கும்?"

முப்பதாயிரம் வெள்ளியை ஒட்டிய பட்ஜெட்டில்தான் இந்தச் சண்டை அதிகம் நடக்கிறது. காரணம், அந்த விலையில் இரண்டுமே கைக்கு எட்டும். வயதான பெரிய கார் ஒரு பக்கம், அதைவிட ஐந்தாறு வயது இளைய சின்ன கார் மறுபக்கம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை ஒன்றாக இருப்பதால் இரண்டுக்கும் ஆகும் செலவும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். அப்பாவின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல.

எண்ணெய்க் கணக்கை முதலில் போட்டு முடித்துவிடுவோம். கிள்ளானில் வீடு, பிரிக்பீல்ட்ஸில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையில் போகவர ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வேலை நாட்களோடு வார இறுதி ஓட்டத்தையும் சேர்த்தால் மாதம் 1,800 கிலோமீட்டர் ஆகிவிடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் சின்ன காருக்கு 120 லிட்டர் வேண்டும். காலையில் ஷா ஆலாம் நெரிசலிலும் மாலையில் அங்காசாபுரி நெரிசலிலும் ஊர்ந்து 10 கிலோமீட்டர் மட்டுமே கொடுக்கும் 2.0-க்கு 180 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தின் 1 வெள்ளி 99 காசு விலையில் முதலாவதற்கு 238 வெள்ளி 80 காசு, இரண்டாவதற்கு 358 வெள்ளி 20 காசு. வித்தியாசம் மாதம் 120 வெள்ளிக்குள் அடங்கிவிடுகிறது.

120 வெள்ளி சின்னத் தொகை அல்ல. ஆனால் குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகையும் அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள். நம்மில் பல வீடுகளில் அப்பா மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறார், அல்லது கிள்ளான் நிலையத்தில் கொம்யூட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறார். கார் சந்தைக்கும் கோவிலுக்கும் டியூஷனுக்கும்தான். மாதம் 600 கிலோமீட்டர் ஓடும் காரில் எண்ணெய் வித்தியாசம் 40 வெள்ளி. அதற்காக மகனின் ஆசையை மறுக்கிறோம் என்றால் வாதம் பலவீனமாகத்தான் இருக்கும்.

ஒரு விலக்கு உண்டு. பூடி95 சலுகை காருக்கு அல்ல, ஓட்டும் குடிமகனின் மைகார்டுக்கு. வீட்டில் காரை அதிகம் ஓட்டுபவர் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு அலைபவர் என்றால் அவருக்கு அந்த விலை கிடையாது. திட்டம் தொடங்கியபோது சலுகை இல்லாத ரோன்95-இன் விலை 2 வெள்ளி 60 காசு. அந்த விலையில் மேலே சொன்ன 120 வெள்ளி 156 ஆகிறது. நம் சமூகத்தில் இந்த நிலையில் இருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை.

சாலை வரியிலும் பெரிய பயம் வேண்டாம். 1.0 பெஸ்ஸாவுக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1.3 மைவிக்கு 70, 1.5-க்கு 90. 1,998 சிசி சிவிக்குக்கு 379 வெள்ளி. மாதத்துக்குப் பிரித்தால் 30 வெள்ளிக்கும் குறைவான கூடுதல். 2.0-வைத் தாண்டி 2.4-க்குப் போனால்தான் வரி 700 வெள்ளிக்கு மேல் ஏறும்.

அப்படியானால் பணம் எங்கே போகிறது?

முதலில் வங்கியில். 30,000 வெள்ளிக் காருக்குப் பத்து விழுக்காடு முன்பணம் போக 27,000 கடன் என்று வைத்துக்கொள்வோம். இளைய காருக்கு ஏழு ஆண்டுத் தவணையும் 4 விழுக்காடு நிலையான வட்டியும் கிடைத்தால் மாதம் 411 வெள்ளி. பழைய காருக்கு வங்கிகள் அவ்வளவு ஆண்டு கொடுக்கத் தயங்கும், வட்டியையும் கூட்டும். ஐந்து ஆண்டு, 5 விழுக்காடு என்றால் அதே 27,000-க்கு மாதம் 562 வெள்ளி 50 காசு. எண்ணெயில் மிச்சம் பிடிக்க முயன்றதைவிட இங்கே வித்தியாசம் பெரிது. சீக்கிரம் கடன் முடியும் என்ற ஆறுதல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாதச் சம்பளத்தில் வாழும் வீட்டுக்கு ஐந்தாம் ஆண்டின் நிம்மதியைவிட இந்த மாதத்தின் 150 வெள்ளி முக்கியம். வாடகைக் கொள்முதல் சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலே முறையான நோட்டீஸ் கொடுத்து வண்டியை இழுக்கும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். முக்கால் பங்குக்கு மேல் கட்டி முடித்திருந்தால் மட்டும் நீதிமன்ற ஆணை வேண்டும்.

இரண்டாவது, பட்டறையில். இங்கேதான் உண்மையான சண்டையே இருக்கிறது.

எண்ணெய்ச் செலவு சொல்லிவிட்டு வரும், பட்டறைச் செலவு சொல்லாமல் வரும். பதினைந்து வயதைத் தொட்ட 2.0 காரில் எஞ்சின் மவுண்டிங், ஷாக் அப்சார்பர், ஏர்கோன் கம்ப்ரசர், கியர்பாக்ஸ் எல்லாமே ஏறக்குறைய ஒரே வயது. ஒன்று போனால் அடுத்ததும் வரிசையில் நிற்கிறது என்று பொருள். டயரும் அப்படித்தான். பழைய மைவியின் 14 அங்குல டயருக்கும் சிவிக்கின் 16 அங்குல டயருக்கும் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து விலை கேட்டுப் பாருங்கள். அதிலும் ஸ்போர்ட்டி கார் என்றால் முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்ற கேள்வி கூடவே வருகிறது. பச்சை விளக்கு விழுந்ததும் மிதிப்பவரிடம் பத்து ஆண்டு இருந்த காரை, பாலிஷ் போட்டு நிறுத்தினால் வெளியே எதுவும் தெரியாது.

சிவிக் பலமான கார்தான். அதன் எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஒழுங்காக எஞ்சின் ஆயில் மாற்றியிருந்தால் நீண்ட நாள் உழைக்கும். நான் குறை சொல்வது காரை அல்ல, அதன் வயதை.

இந்த இடத்தில் கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகள் வேறொரு பெயரைச் சொல்வார்கள்: புரோட்டோன் பிரிவே டர்போ. கெட்டிக்காரத் தேர்வு. 2012-இல் வந்த இந்தக் காரின் 1.6 டர்போ எஞ்சினுக்கு 138 குதிரைத்திறன். இரண்டு லிட்டர் காருக்கு ஈடான இழுவை, ஆனால் சாலை வரி வெறும் 90 வெள்ளி. ஆஸ்திரேலியாவின் ஏன்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற கார். பழைய மாடல் மைவியைவிட இது பாதுகாப்பானது என்று மகன் வாதாடினால் அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது. சிக்கனம் பேசுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை எளிதில் மறந்துவிடுகிறோம். சின்ன காரில் பின்னால் இருப்பதும் நம் பிள்ளைகள்தானே.

ஆனால் அதே எஞ்சினில் ஆயில் கூலர் ஹோஸ் கசிவு பேர்போனது. புரோட்டோனே பிற்காலத்தில் அந்த ஹோஸை மாற்றித் தர வேண்டியிருந்தது. கசிவைக் கவனிக்காமல் ஓட்டினால் ஆயிலும் கூலண்டும் கலந்து எஞ்சினுக்கே ஆபத்து. ஆகவே பிரிவே, எக்சோரா போல்ட், சுப்ரிமா எஸ் ஆகிய மூன்றில் எதைப் பார்த்தாலும் அந்த ஹோஸ் எப்போது மாற்றப்பட்டது, சிவிடி கியர்பாக்ஸுக்கு எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று ரசீதோடு கேளுங்கள். "எல்லாம் மாற்றியாச்சு பாஸ்" என்ற பதில் ரசீது ஆகாது.

சத்ரியா ஜிடிஐ-யைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998-இல் வந்த காலத்திலிருந்து நம் இளைஞர்களுக்கு அதன்மேல் ஒரு மயக்கம். 1.8 எஞ்சின், லோட்டஸ் கைவண்ணம் கொண்ட சஸ்பென்ஷன், ரெகாரோ இருக்கைகள். நல்ல நிலையில் உள்ளவை இப்போது சேகரிப்பாளர் விலைக்குப் போகின்றன. அதற்குப் பக்கக் கதவு இரண்டுதான். தைப்பூசத்துக்குப் பத்துமலை கிளம்பும்போது பாட்டி முன் இருக்கையைச் சாய்த்துப் பின்னால் ஏற வேண்டும். குடும்பக் காராக அதை எண்ணாதீர்கள்.

என் கணக்கில் இந்த வழக்கைத் தீர்க்கும் கேள்வி வேறு. கார் வாங்கிய பிறகு, யாரும் தொடாத 3,000 வெள்ளி வீட்டில் இருக்குமா? இருக்கும் என்றால் நன்றாகப் பராமரித்த சிவிக்கோ பிரிவேயோ வாங்குவதில் தவறில்லை, அதை அனுபவித்து ஓட்டலாம். முன்பணத்துக்கே சங்கிலியை அடகு வைக்கும் நிலை என்றால் மைவி, பெஸ்ஸா, சகா இவற்றைத் தாண்டிப் பார்க்காதீர்கள். பள்ளி திறக்கும் ஜனவரியிலோ தீபாவளி மாதத்திலோ கியர்பாக்ஸ் போனால் அந்தக் காரை ஓட்டவும் முடியாது, விற்கவும் முடியாது, தவணை மட்டும் நிற்காது. மைவிக்கு உதிரிபாகம் கிடைக்காத ஊரும் இல்லை, அதைத் திறந்து பார்க்கத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை. விற்க வேண்டி வந்தாலும் வாங்க ஆள் வரும்.

இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு சமாதானமும் இருக்கிறது. 2017 நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் 1.5. சுமார் நூறு குதிரைத்திறன், ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை. நெடுஞ்சாலையில் எல்லாரையும் முந்திக்கொண்டு போகும் மைவியைப் பற்றி நாடே நகைச்சுவை செய்கிறது, அது சும்மா வரவில்லை. எல்லா ரகத்திலும் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் விஎஸ்சி உண்டு, ஆசியான் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம். விலை கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள். முப்பதாயிரத்திலிருந்து நகர முடிந்தவர்களுக்கு என் வாக்கு இதற்குத்தான்.

வெள்ளத்தில் நின்ற கார்

எந்தக் கட்சி ஜெயித்தாலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய கார் வாங்குபவர் மறக்கக் கூடாத தேதி 2021 டிசம்பர் 18. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டும் தெரிய நின்ற கார்களை நாம் பார்த்தோம். வெள்ளத்தில் நனைந்த கார்கள் கழுவப்பட்டு மீண்டும் சந்தைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கறை இருந்தால் அது பொய் சொல்லாது. இருக்கையின் அடியில் உள்ள போல்ட்டுகளில் துரு, ஸ்பேர் டயர் பள்ளத்தில் மண், மூடிய காருக்குள் நறுமணத் திரவியத்தையும் மீறி வரும் பூஞ்சை வாடை, எல்லாம் சாட்சிகள்.

புஸ்பாகோம் சோதனை ஆகிவிட்டது என்று வியாபாரி சொல்வது பெரிய உறுதிமொழி அல்ல. பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை எஞ்சின் எண், சேசிஸ் எண் சரியா, வெட்டி ஒட்டிய வண்டியா என்பதைப் பார்ப்பதற்கு. கடன் வாங்கினால் பி7-ம் தேவைப்படும. கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று இரண்டுமே சொல்லாது. அதற்கு உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டும். வியாபாரிக்குத் தெரிந்தவரை அல்ல.

ஸ்போர்ட்டி காரில் மாற்றிப் பொருத்திய எக்சாஸ்ட், இறக்கிய ஸ்பிரிங், வேறு எஞ்சின் இருக்கிறதா என்றும் பாருங்கள். சாலையில் ஜேபிஜே சம்மன் தருவது ஒரு தொல்லை. காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாத மாற்றம் விபத்து நேரத்தில் இழப்பீட்டையே சிக்கலாக்கும், அது பெரிய தொல்லை. பத்து ஆண்டுகளைக் கடந்த வண்டிக்குப் புதிய உதிரிபாகம் போட்டால் அதன் செலவில் 40 விழுக்காடு வரை உரிமையாளர் தலையில் விழலாம் என்பதையும் காப்புறுதி முகவரிடம் கேட்டுத் தெளியுங்கள். அப்பா பெயரில் 55 விழுக்காடு என்சிடி சேர்ந்திருந்தால், புதுக் காரை அவர் பெயரிலேயே பதிந்து அந்தக் கழிவை மாற்றிக்கொள்ளலாம். மகன் பெயரில் முதல் கார் என்றால் கழிவு பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும்.

சோதனை ஓட்டத்துக்குக் கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் சொல்லுங்கள். நெரிசலில் ஏர்கோன் போட்டபடி இருபது நிமிடம் ஊர வையுங்கள், பிறகு நெடுஞ்சாலையில் 90-இல் ஓட்டுங்கள், கடைசியில் ஒரு பேரங்காடி நிறுத்துமிடத்தின் சரிவில் ஏற்றுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் அழைத்துப் போங்கள். தாழ்வான சிவிக்கிலிருந்து முட்டிவலியோடு எழுந்து வருவதற்கும், உயரமான மைவியிலிருந்து காலை ஊன்றி இறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் சொல்லாமலே பார்க்கலாம். சிறுபிள்ளை இருந்தால் குழந்தை இருக்கையையும் எடுத்துப் போய்ப் பொருத்திப் பாருங்கள். 2020 முதல் அது கட்டாயம்.

காரைப் பிடித்துவிட்டால் கடையில் உடனே 'புக்கிங்' பணம் கேட்பார்கள். கொடுக்கலாம். ஆனால் கடன் கிடைக்காவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி, முத்திரை குத்தி வாங்கிய பிறகு.