மின்னுவதெல்லாம் லூசிடம் அல்ல

மரத்தை மட்கச் செய்யும் துளைக்காளானை இனம் காண்பது வெறும் ஏட்டு வேலையல்ல. தென்னந்தோப்பும் மருந்துச் சந்தையும் அதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

பட்டுப்போன மரத்தின் அடியில் அலமாரிப் பலகைபோல நீட்டிக்கொண்டு, வார்னிஷ் அடித்ததுபோல மின்னும் செம்பழுப்புக் காளானைப் பலர் பார்த்திருப்பார்கள். கானோடெர்மா என்பது அதன் பேரினப் பெயர். குடைக்காளானின் அடியில் இருக்கும் மடிப்புகள் இதில் கிடையாது. ஊசியால் குத்தியதுபோல, மில்லிமீட்டருக்கு நான்கைந்து துளைகள்தான். ஒவ்வொரு துளையும் ஒரு குழாயின் வாய். வித்துகள் உதிர்வது அதன் வழியாக.

பெயர் வைப்பதில்தான் சிக்கல். வெயிலும் ஈரமும் மாறினால் ஒரே காளானின் நிறமும் உருவமும் மாறும். காம்பு ஓரிடத்தில் நீளும், இன்னோரிடத்தில் இருக்கவே இருக்காது. 1821-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி ஃபிரீஸ், கண்ணுக்குத் தெரிந்த அடையாளங்களை வைத்து, துளைக்காளான்களில் பெரும்பாலானவற்றை பாலிபோரஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்தார். 1881-ல் பின்லாந்தின் கார்ஸ்டன் அதிலிருந்து கானோடெர்மாவைப் பிரித்தெடுத்தார். எட்டு ஆண்டுகள் கழித்து பிரான்சின் பதூயார் வித்துகளுக்கு முதலிடம் கொடுத்தார்.

அந்த வித்துதான் கானோடெர்மாவின் கைரேகை. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளம். இரட்டைச் சுவர். உள்சுவரிலிருந்து எழும் நுண்ணிய தூண்கள் வெளிச்சுவரைத் தாங்குகின்றன. நுனி, சீவிவிட்டதுபோல மொட்டையாக இருக்கும். மேல்தோல் மின்னாத காளானாக இருந்தாலும் இந்த வித்து இருந்தால் அது இந்தக் குடும்பம்தான்.

அடுத்த திருப்பம் 1932-ல் வந்தது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய கார்னர், காளானின் சதையை ஊசியால் பிரித்து இழை இழையாகப் பார்த்தார். வளர்ச்சிக்குப் பொறுப்பான இழை, விறைப்பைத் தரும் எலும்பு இழை, எல்லாவற்றையும் பின்னிப் பிணைக்கும் கட்டு இழை என்று மூன்று வகை உண்டு என்றார். ஒரு காளானில் இவற்றில் ஒன்று இருக்கிறதா, இரண்டா, மூன்றுமா என்பது வகைப்பாட்டின் அடிப்படைக் கேள்வியாயிற்று. வளர்ச்சி இழையின் கணுக்களில் கொக்கிபோன்ற பிணைப்பு உண்டா என்பது அடுத்த கேள்வி. அயோடின் கலந்த மெல்சர் கரைசலில் வித்து நீலமாகிறதா, செம்பழுப்பாகிறதா, நிறம் மாறாமலே இருக்கிறதா என்பது இன்னொன்று. இப்படிக் கேள்விகளால் சலித்துச் சலித்துத்தான் ஓர் இனத்துக்கு வந்து சேர வேண்டும்.

இந்தியாவுக்கும் இந்தத் துறையில் நீண்ட பரம்பரை உண்டு. கல்கத்தாவில் சகாய் ராம் போஸ், வங்காளத்தின் துளைக்காளான்களைத் தொடர் கட்டுரைகளாகப் பதிவு செய்தார். மரங்களிலும் வெட்டுமரத்திலும் வளரும் இந்தியத் துளைக்காளான்கள் பற்றி பி.கே. பக்‌ஷி எழுதிய நூல் 1971-ல் வந்தது.

பெயரில் என்ன இருக்கிறது என்று தென்னை விவசாயி கேட்கலாம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத் தோப்புகளில் பரவலாகத் தெரியவந்த அடித்தண்டழுகல், 'தஞ்சாவூர் வாடல் நோய்' என்றே பெயர் பெற்றது. வேர் அழுகும். தண்டின் அடியில் செம்பழுப்பு நீர் கசியும். காளான் வெளியே தலைகாட்டும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டிருக்கும். இதற்குக் காரணமாக நூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த பெயர்களில் முக்கியமானது கானோடெர்மா லூசிடம்.

அந்தப் பெயரின் பூர்வீகம் இங்கிலாந்து. 1781-ல் கர்டிஸ் அங்கே கண்ட காளானுக்கு வைத்தது. பிறகு உலகெங்கும் மின்னும் காளான்கள் பலவற்றின்மீது அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சீன வைத்தியத்தில் புகழ்பெற்ற லிங்ஷியும் அதில் அடக்கம். 2012-ல் சீன ஆய்வாளர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். மருந்துக்காக அங்கே பயிராகும் காளான் ஐரோப்பிய லூசிடம் அல்ல. அதன் துளைப்பரப்பு மஞ்சள், துளைகளுக்கு இடையிலான சுவர் தடிமன், சதையில் கரும்பட்டைகள். மரபணு ஆய்வும் அதையே சொன்னது. லிங்ஷிக்கு எந்த அறிவியல் பெயர் முறையானது என்பதில் மட்டும் வழக்கு எழுந்தது. புதிதாக வந்த 'லிங்ஷி' என்கிறது ஒரு தரப்பு. 1983-லேயே வைக்கப்பட்ட 'சிச்சுவானென்ஸ்' என்கிறது மறுதரப்பு.

விளைவு சாதாரணமானதல்ல. லூசிடம் என்ற தலைப்பில் வந்த மருத்துவ ஆய்வுகளில் எது எந்தக் காளானைப் பற்றியது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தென்னைக்கும் இதே கதைதான். இரண்டு ஊர்த் தோப்புகளை அழிப்பது இரண்டு வேறு இனங்கள் என்றால், ஓரிடத்தில் பலித்த தடுப்புமுறை மற்ற இடத்திலும் பலிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மரபணுச் சோதனை வந்தபின் நுண்ணோக்கிக்கு ஓய்வு கொடுக்கலாமா? முடியாது. நூறாண்டுக்கு முன் உலர்த்தி வைத்த பழைய மாதிரிகள் பலவற்றில் மரபணு சிதைந்திருக்கும். வித்தின் இரட்டைச் சுவரோ அப்படியே இருக்கும். எந்தப் பெயர் எந்தக் காளானுக்கு உரியது என்ற வழக்கில், அதன் சாட்சியம் இன்னும் செல்லும்.