வால்வு ஆம்ப்ளிபயரின் வெளியீட்டு மின்மாற்றி

வால்வு ஆம்ப்ளிபயர் ஒன்றின் மேல்மூடியை அகற்றி நோக்கினால், கண்ணாடி வால்வுகளின் பின்னே கனமான இரண்டு இரும்புப் பொருள்கள் இருக்கக் காணலாம். ஒன்று, வீட்டு மின்சாரத்தை வேண்டிய அழுத்தங்களாக மாற்றித் தரும் மின்வழங்கு மின்மாற்றி. மற்றொன்று, வால்வுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நிற்கும் வெளியீட்டு மின்மாற்றி. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போலிருப்பதால், ஒன்றைச் சுற்றத் தெரிந்தவர் மற்றதையும் சுற்றிவிடலாம் என எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணத்தால் கெட்ட ஆம்ப்ளிபயர்கள் பல.

இதை எழுதுபவன் கல்லூரியிற் பயின்ற நாளில், பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றின் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோயிற்று. நண்பர்கள் சேர்ந்து அதை ஒரு பட்டறையில் மறுபடி சுற்றக் கொடுத்தோம். சுற்றுகளை வழுவாமல் எண்ணிச் சுற்றித் தந்தனர். ஆயினும் பேச்சு ஒருவாறு கேட்டதேயன்றி, மிருதங்கத்தின் தொப்பி ஒலி கம்மிக் கரகரத்தது. ஒரு வாரம் வால்வையும் மின்தேக்கிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். பிழை அங்கில்லை. தகடுகளுக்கிடையே இருந்திருக்க வேண்டிய மெல்லிய காகிதத் துண்டு ஒன்று இல்லாமையே பிழை. அக்காகிதம் எதற்கென அறிந்தால் இம்மின்மாற்றியின் இயல்பில் பாதி விளங்கிவிடும்.

முதலில் இம்மின்மாற்றி ஏன் வேண்டும் என்பதைக் காண்போம். வால்வு உயர்ந்த அழுத்தத்திற் சிறிய மின்னோட்டத்தைத் தருவது. ஒலிபெருக்கியின் சுருளோ தாழ்ந்த அழுத்தத்திற் பெரிய மின்னோட்டத்தை வேண்டுவது. 6வி6 என்னும் வால்வை எடுத்துக் கொள்வோம். தட்டில் 250 வோல்ட் அழுத்தமும் 45 மில்லியாம்பியர் ஓட்டமும் கொண்டு தனித்து இயங்கும்போது, 5000 ஓம் சுமை கிடைத்தால் அது 4.5 வாட் ஒலித்திறன் தரும். ஒலிபெருக்கியின் மறிப்போ 8 ஓம். மின்மாற்றி, மறிப்பைச் சுற்று விகிதத்தின் வர்க்கப்படி மாற்றிக் காட்டும். 5000ஐ 8ஆல் வகுக்க 625. அதன் வர்க்கமூலம் 25. ஆகவே துணைச் சுருளின் ஒரு சுற்றுக்கு முதன்மைச் சுருளில் 25 சுற்றுகள் வேண்டும்.

விகிதம் கிடைத்துவிட்டது, எத்தனை சுற்றுகள் என்பது இன்னும் கிடைக்கவில்லை. 50க்கு 2 என்றாலும் விகிதம் 25 தான். 5000க்கு 200 என்றாலும் 25 தான். இதனை முடிவு செய்வது தாழ்ந்த சுரம். முதன்மைச் சுருளின் தூண்டம், சுமைக்கு இணையாக அமைந்த ஒரு வழியாகும். அதிர்வெண் குறையக் குறைய அவ்வழியின் மறிப்பும் குறைந்து, வால்வின் ஓட்டம் ஒலிபெருக்கிக்குச் செல்லாமல் அதன்வழியே ஒழுகிவிடும். வினாடிக்கு 50 அதிர்வுகளில் திறன் பாதிக்குக் கீழே இறங்கலாகாது எனக் கொண்டால், இவ்வால்வுக்கு ஏறத்தாழ 15 ஹென்றி தூண்டம் தேவை. 25 மில்லிமீட்டர் அகல நடுத்தண்டுடைய தகடுகளை 25 மில்லிமீட்டர் உயரம் அடுக்கி, 3000 சுற்றுகள் சுற்றினால் இது கைகூடும்.

இங்கேதான் காகிதம் வருகிறது. மின்வழங்கு மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் மாறுமின்னோட்டம் மட்டுமே ஓடும். இங்கோ, பாட்டு ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும் 45 மில்லியாம்பியர் நேர்மின்னோட்டம் இடையறாது ஓடிக்கொண்டிருக்கும். 3000 சுற்றுகளில் அது 135 ஆம்பியர்-சுற்று. இடைவெளியின்றி மூடிய இரும்பை இது தெவிட்டு நிலைக்கு அருகே கொண்டுபோய் நிறுத்திவிடும். தெவிட்டிய இரும்பு மேலும் காந்தமேறாது, தூண்டம் வீழ்ச்சியடையும், தாழ்ந்த சுரங்கள் ஒரு பக்கம் வெட்டுண்டு கரகரக்கும். இரும்பின் பாதையில் மொத்தம் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலோ, நேர்மின்னோட்டத்தால் எழும் காந்தப்பாய அடர்த்தி சுமார் 5000 காஸ் அளவில் நின்றுவிடும். முழு ஒலியின்போது 50 அதிர்வுகளில் அதன்மேல் ஏறியிறங்குவது சுமார் 4000 காஸ். இரண்டும் கூடினும் 9000 காஸே. இரும்பு இதனை எளிதில் தாங்கும். தூண்டமும் 18 ஹென்றி அளவில் நிலைத்திருக்கும். இடைவெளியை மேலும் கூட்டினால் நலம் கூடும் என எண்ணற்க, தூண்டம் குறைந்துவிடும்.

பட்டறையார் செய்தது இதுவே: மின்வழங்கு மின்மாற்றிக்குச் செய்வது போல ஈ வடிவத் தகடுகளையும் ஐ வடிவத் தகடுகளையும் ஒன்றுவிட்டு ஒன்று மாற்றிக் கோத்து இடைவெளியே இல்லாமற் செய்துவிட்டனர். இவ்வகை மின்மாற்றியில் ஈ தகடுகள் அனைத்தையும் ஒரு பக்கமும், ஐ தகடுகள் அனைத்தையும் மறுபக்கமும் அடுக்கி, நடுவே காகிதம் வைத்து இறுக்க வேண்டும். காந்தப்பாயம் நடுத்தண்டில் ஒருமுறையும் ஓரத்தண்டில் ஒருமுறையும் ஆக இருமுறை காகிதத்தைக் கடப்பதால், 0.3 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 0.15 மில்லிமீட்டர் காகிதமே போதும். கணக்கைச் சரியாகப் போட்டவர்களும் இவ்விடத்தில் இரட்டிப்புத் தவறு செய்வதுண்டு.

தாழ்ந்த சுரத்துக்காகச் சுற்றுகளைக் கூட்டினோம். அதனால் உயர்ந்த சுரத்துக்குத் தீங்கு விளைகிறது. முதன்மைச் சுருளின் காந்தப்பாயம் முழுவதும் துணைச் சுருளைச் சென்றடைவதில்லை. ஒரு பகுதி வெளியே கசிகிறது. இக்கசிவுத் தூண்டம் சுமைக்குத் தொடர்நிலையில் நின்று தடுக்கும். அது 50 மில்லிஹென்றி ஆயினும், வினாடிக்கு 10,000 அதிர்வுகளில் 3140 ஓம் ஆகிவிடும். சுற்றுகள் இருமடங்கானால் கசிவுத் தூண்டம் நான்மடங்காகும். இவ்விரு முனைகளின் இழுபறியைத் தீர்க்க வல்லுநர் கண்ட வழி, சுருள்களைப் பிரித்து இடையிட்டுச் சுற்றுவது. முதன்மைச் சுருளிற் பாதியைச் சுற்றி, அதன்மேல் துணைச் சுருள் முழுவதையும் சுற்றி, அதற்கும் மேல் மறுபாதியைச் சுற்றினால், கசிவு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். மேலும் மேலும் பிரிக்கலாம். ஆனால் சுருள்களுக்கிடையே மின்தேக்கம் பெருகும், காப்புக் காகிதம் இடத்தை விழுங்கும்.

இரண்டு வால்வுகளை எதிரெதிராக இயக்கும் தள்ளு-இழு முறையில், இருபுறத்து நேர்மின்னோட்டங்களும் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று ஈடுசெய்துவிடுவதால் இடைவெளி வேண்டுவதில்லை. 1947இல் டி. டி. என். வில்லியம்சன் இங்கிலாந்தின் வயர்லஸ் வேர்ல்டு இதழில் வெளியிட்ட 15 வாட் ஆம்ப்ளிபயர் இவ்வகையினது. ஒலிபெருக்கி முனையிலிருந்து தொடக்கத்துக்கு 20 டெசிபல் பின்னூட்டத்தை அவர் மின்மாற்றியையும் உட்படுத்தியே அமைத்தார். மின்மாற்றி சற்றுப் பழுதானாலும் அத்தகைய பின்னூட்டம் ஊளையாக மாறிவிடும். ஆதலின் அவ்வமைப்பின் உயிர்நிலை மின்மாற்றியே எனலாம்.

இனி, நம் 6வி6 மின்மாற்றியைச் சுற்றும் முறை. முதன்மைச் சுருளுக்கு 36 கேஜ் எனாமல் கம்பி. அடுக்குக்குச் சுமார் 140 சுற்றுகள். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே மெல்லிய காகிதம். பாபினின் இரு ஓரங்களிலும் சிறிது இடம் விட வேண்டும். ஓரத்துச் சுற்று சரிந்து கீழ் அடுக்கில் விழுவதே தீப்பொறிக்கு முதற் காரணம். துணைச் சுருளுக்கு 22 கேஜ். விகிதப்படி 120 சுற்றுகளே வரும். எனினும் செம்பின் தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், வால்வு 5000 ஓம் காண்பதற்கு 129 சுற்றுகள், அதாவது 43 சுற்றுகள் கொண்ட மூன்று அடுக்குகள், வேண்டும். முதன்மைக்கும் துணைக்கும் இடையே தடித்த காப்பு இன்றியமையாதது. அது கெட்டால் 250 வோல்ட், ஒலிபெருக்கியின் கம்பிக்கே வந்துவிடும். துணைச் சுருளின் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைத்து நிலத்தில் பிணைப்பதும் இதற்காகவே. சுற்றி முடித்தபின் ஈரம் போக உலர்த்தி வார்னிஷில் ஊறவைத்தல் நன்று. கடலோர ஊர்களில் இதைத் தவிர்த்தால் மெல்லிய கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும்.

சோதிக்கும்போது, மின்வழங்கு மின்மாற்றியின் 6.3 வோல்ட் மாறுமின்சாரத்தை முதன்மைச் சுருளுக்குக் கொடுத்துத் துணைச் சுருளை அளக்க, 0.27 வோல்ட் காட்டினால் சரி. ஏதும் காட்டாவிடில் முதன்மையின் இரு பாதிகளும் எதிர்த்திசையில் இணைக்கப்பட்டிருக்கலாம். ஒரு பாதியின் முனைகளை மாற்றிப் பார்க்க. அதே 6.3 வோல்ட்டைத் தவறித் துணைச் சுருளுக்குக் கொடுத்தால், முதன்மை முனைகளில் ஏறத்தாழ 146 வோல்ட் தோன்றும். மாணவர் கைகள் அருகிலிருக்கும் வகுப்பறையில் இதை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவைத்தல் வேண்டும்.

ஆம்ப்ளிபயரில் பொருத்தியபின், ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு ஒலியை இயக்கலாகாது. சுமையற்ற முதன்மைச் சுருளில் அழுத்தம் பன்மடங்கு உயர்ந்து காப்பைத் துளைத்துவிடும். ஒலிபெருக்கி இல்லாவிடில், 8 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை அதனிடத்தில் இணைக்க. முதன்மைச் சுருள் அறுந்துவிட்டாலோ தட்டுக்கு அழுத்தம் இராது. ஓட்டம் முழுவதையும் திரைவலை ஏற்றுச் செந்தணலாகச் சிவக்கும். அவ்வாறு கண்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துக. நிறுத்திய பின்னரும் வடிகட்டும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். சில ஆயிரம் ஓம் மின்தடை வழியே அதை வடியச் செய்து, மீட்டரில் சுழியைக் கண்ட பின்னரே உள்ளே கை வைக்க வேண்டும்.