தகட்டில் நிறுத்தத் தெரிய வேண்டும்

1934 ஜூன் 3. ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியில் உள்ள நூர்பர்க்ரிங் தடத்தில் மெர்சிடிஸ் பென்ஸின் புதிய டபிள்யூ 25 கார் முதல்முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. அந்த ஆண்டு வந்த கிராண்ட் பிரீ விதிப்படி காரின் எடை 750 கிலோவைத் தாண்டக் கூடாது. முதல் நாள் நிறுத்துப் பார்த்தபோது 751 கிலோ காட்டியதாம். அணி மேலாளர் ஆல்ஃபிரட் நொய்பாவர், இரவோடு இரவாக வெள்ளை பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடுக்கச் சொன்னாராம். மறுநாள் வெற்று அலுமினியம் பளபளக்க ஓடிய அந்தக் காரில் மன்ஃபிரெட் ஃபான் பிரவுகிட்ச் வென்றார். ‘வெள்ளி அம்புகள்’ என்ற பெயர் பிறந்த கதையாக இதைத்தான் சொல்வார்கள். நொய்பாவரின் நினைவுக்குறிப்புகள் வழியே பரவிய கதை இது. வரலாற்றாய்வாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அந்தப் பந்தயத்துக்கு 750 கிலோ வரம்பே கிடையாது, கார் அதற்கு முன்பே வெள்ளி நிறத்தில்தான் இருந்தது என்று அவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள்.

கதை உண்மையோ இல்லையோ, கணக்கு இடிக்கவில்லை. 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பெயிண்ட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 130 கிராம் எடை இருக்கும். எட்டு சதுர மீட்டர் உரித்தால் ஒரு கிலோ குறைந்துவிடும். பட்டி இன்னும் கனம்: ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டருக்குப் பூசினாலே ஏறத்தாழ இரண்டு கிலோ ஆகிவிடும். கையால் தட்டி உருவாக்கிய உடலில் மேடுபள்ளங்களைப் பட்டி வைத்தே சமன் செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்று ஜெர்மனியில் காரின் பெயிண்டை உரிக்கும் வேலையைச் செய்பவர்கள் பந்தய அணியினர் அல்லர், சாதாரண வீட்டுக்காரர்கள். முப்பது ஆண்டுகளைக் கடந்து, பெரும்பாலும் அசல் நிலையிலேயே இருக்கும் காருக்கு அங்கே ‘எச்’ என்ற எழுத்தில் முடியும் தனி நம்பர் பிளேட் தருகிறார்கள். 1997இல் வந்த ஏற்பாடு இது. ஆண்டு வரி 191.73 யூரோ என்று நிலையானது. பழைய கார்கள் நுழைய முடியாத சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள்ளும் போகலாம். ஆகவே தாத்தா ஓட்டிய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைச் சொந்தக் கராஜிலோ, மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பட்டறையிலோ நிறுத்தி, மாதக்கணக்கில் புதுப்பிப்பவர்கள் அங்கே ஏராளம். பீட்டில் அதற்கு வசதியான கார். நான்கு மட்கார்டுகளும் போல்ட்டில் நிற்பவை. கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம்.

அப்படிக் கழற்றிய ஒரு மட்கார்டின் ஓரத்தை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்தால், அதன் வரலாறு வட்ட வட்டமாகத் தெரியும். வெளியே யாரோ எண்பதுகளில் அடித்த சிவப்பு. அதற்குள் ஒரு சாம்பல் வளையம், அது பிரைமர். அடுத்து தொழிற்சாலையின் வெளிர்நீலம், மறுபடியும் பிரைமர், நடுவே பளிச்சென்று இரும்பு. சில இடங்களில் இரும்பு வர வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்போ மஞ்சளோ கலந்த மாவுப் பொடி உதிரும். அது பட்டி, கீழே ஒடுக்கு இருக்கலாம், துருப்பிடித்த ஓட்டையும் இருக்கலாம். காந்தத்தை வைத்தால் அந்த இடத்தில் பிடிப்பு தளரும். பெயிண்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியும் உண்டு. இன்றைய காரில் எல்லா அடுக்கும் சேர்ந்து 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் வரை இருக்கும். கருவி ஒரு மில்லிமீட்டர் காட்டினால் அங்கே ஏதோ புதைந்திருக்கிறது என்று பொருள்.

தகடே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான் என்பதால்தான் இந்த வேலை கடினமாகிறது. பெயிண்டை எடுக்க எத்தனையோ வழி உண்டு. அடியில் இருக்கும் உலோகத்துக்கு எது என்ன செய்யும் என்று தெரிந்துகொண்ட பிறகே எதையும் கையில் எடுக்க வேண்டும்.

முதலில் ரசாயனம். பெயிண்ட் ரிமூவரைப் பூசினால் பெயிண்ட் கரைந்து ஓடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பழைய நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் உண்மையிலேயே கரையும். ஆனால் சூளையில் சுட்டுக் கெட்டியாக்கிய எனாமலிலும் இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பெயிண்டிலும் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்திருக்கின்றன. அவை கரையாது, ஊறி உப்பும். உப்பிய படலம் விரிய இடம் தேடும். கீழே தகட்டோடு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் விரிய முடியாது. அதனால் மேலே எழும்பிச் சுருங்கிச் சுருங்கித் தகட்டை விட்டுப் பிரியும். சுருக்கம் விழும் நேரமே சுரண்டும் நேரம். அவசரப்பட்டு முன்பே சுரண்டினால் பெயிண்டும் வராது, தகட்டில் கீறலும் விழும். கூழ் காயாமல் இருக்க மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி வைப்பார்கள். சுரண்டியின் முனைகளையும் மழுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் சில நிமிடங்களிலேயே இதைச் செய்து கொடுத்தது டைகுளோரோமீத்தேன். மிகச் சிறிய மூலக்கூறு, அதனால் பெயிண்டுக்குள் சட்டென்று நுழைந்துவிடும். 40 டிகிரியிலேயே கொதிப்பதால் மூடிய கராஜில் அதன் ஆவி வேகமாக நிறையும். காற்றைவிடக் கனமானதால் தரைமட்டத்திலேயே தேங்கும். மூச்சில் போனால் மயக்கும். உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாகவும் மாறும். குளியல் தொட்டி, பட்டறை போன்ற மூடிய இடங்களில் இதை வைத்து வேலை செய்தவர்கள் இறந்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் 2012க்குள் இதை பெயிண்ட் ரிமூவரிலிருந்து படிப்படியாக விலக்கியது. இப்போது ஜெர்மானியக் கடைகளில் கிடைப்பவற்றில் பல பென்சைல் ஆல்கஹால் வகையைச் சேர்ந்தவை. மெதுவாகவே வேலை செய்யும், இரவு முழுக்க ஊற வைக்க வேண்டியிருக்கும். அந்தத் தாமதம் நியாயமான விலை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஊரில் பழைய வகை டப்பா கிடைத்தால், குறைந்தபட்சம் திறந்த வெளியில், டைகுளோரோமீத்தேனைத் தாங்கும் கையுறையோடு பயன்படுத்துங்கள்; சாதாரண ரப்பர் கையுறை போதாது. தூசிக்கான முகக்கவசம் ஆவியைத் தடுக்காது.

ரசாயனத்தைக் கதவில் பயன்படுத்தும்போது தனிக் கவனம் வேண்டும். கதவின் வெளித்தகட்டு விளிம்பை உள்தகட்டின்மேல் மடித்து நசுக்கியிருப்பார்கள். அந்த மடிப்புக்குள் புகுந்த ரிமூவர் எளிதில் வெளியே வராது. புதுப் பெயிண்ட் அடித்துப் பல மாதங்கள் கழித்து, ஓரத்தில் கொப்புளமாகத் தலைகாட்டும். மடிப்பை ஒட்டிய இரண்டு விரல் அகலத்துக்கு ரசாயனம் போடாமல், கையால் தேய்த்து எடுப்பதே நல்லது.

அடுத்தது கிரைண்டர். கல் தட்டை மாட்டி அழுத்தினால் தகடு நீலம் பாயும் அளவுக்குச் சூடாகி நெளிந்துவிடும். நைலான் இழைகளில் உராய்வுத் துகள் பதித்த, வலை போன்ற தட்டே இந்த வேலைக்கு ஏற்றது. பெயிண்டை வாரி எடுக்கும், இரும்பை அவ்வளவாகத் தின்னாது. ஆனால் தூசி கிளப்பும். பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பெயிண்டுகளில் ஈய குரோமேட் நிறமி இருக்கக்கூடும். பழைய செந்நிற பிரைமரில் ஈய ஆக்சைடு இருக்கக்கூடும். அதனால் பி3 தர வடிகட்டி அவசியம். வேலை செய்த உடையோடு வீட்டுக்குள் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. உரித்த கழிவைக் குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டவும் கூடாது. ஜெர்மானிய நகராட்சிகள் இத்தகைய கழிவை வாங்கிக்கொள்ள மையங்களையும் நடமாடும் வண்டிகளையும் வைத்திருக்கின்றன. நம் நகராட்சிகளும் செய்ய வேண்டிய ஏற்பாடு இது.

துகள் பீய்ச்சும் முறை பார்க்க மாயம்போல இருக்கும், அதிகச் சேதம் செய்வதும் அதுதான். சூட்டினால்தான் தகடு நெளிகிறது என்பார்கள். பெரிய காரணம் வேறு. வேகமாக மோதும் ஒவ்வொரு துகளும் மேற்பரப்பில் ஒரு நுண்ணிய சுத்தியல் அடியைப் பதிக்கிறது. அடிபட்ட பக்கம் விரிகிறது, மறுபக்கம் அப்படியே இருக்கிறது, தகடு அடிபட்ட பக்கமாகப் புடைக்கிறது. கூரை, முன்மூடி போன்ற பெரிய தட்டையான பரப்புகள் இதில் முதலில் பலியாகும். தடித்த அடிச்சட்டத்துக்கு கார்னெட் துகள் பரவாயில்லை. மெல்லிய தகட்டுக்குப் பிளாஸ்டிக் துகளோ சமையல் சோடாவோதான். சுதந்திர தேவி சிலையின் உட்புறச் செம்பில் ஒட்டியிருந்த தாரை 1980களில் சோடாவைப் பீய்ச்சித்தான் நீக்கினார்கள். சோடா தகட்டை நோகடிக்காது. ஆனால் அதன் உப்புப் படிவை முழுக்கக் கழுவாவிட்டால் அடுத்த பெயிண்ட் பிடிக்காது.

எல்லாக் காரும் இரும்பல்ல என்பதையும் மறக்கக் கூடாது. முழு உடலையும் சூடான காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுக்கும் நிறுவனங்கள் ஜெர்மனியில் உண்டு. இரும்புக்கு அருமையான வழி. அலுமினியத்தை அது அரித்துத் தின்றுவிடும். கிழக்கு ஜெர்மனியின் ஸ்விக்காவில் 1991 வரை தயாரித்த டிராபான்ட் காரின் வெளிப்புறம், பஞ்சு இழையையும் பினாலிக் பிசினையும் அழுத்திச் செய்த டூரோபிளாஸ்ட். அங்கே காந்தம் ஒட்டாது, பிசினுக்குக் காஸ்டிக் ஆகாது, துகள் பீய்ச்சினால் இழை வெளியே வந்துவிடும். உப்புத்தாளும் பொறுமையும்தான் மிச்சம்.

உரித்து முடித்த இரும்பு உடனே துருப்பிடிக்கத் தொடங்கும். ஜெர்மனியின் இலையுதிர்காலக் கராஜில் குளிர்ந்த தகட்டின்மேல் இரவில் பனி வேர்க்கும், காலையில் ஆரஞ்சுப் படலம் தெரியும். வெறுங்கையால் தொட்ட இடத்தில் கைரேகையே துருவாகப் பதியும். துரு நீக்கப் பாஸ்பாரிக் அமிலம் பூசியிருந்தால் அதையும் மிச்சமின்றிக் கழுவ வேண்டும்; மீந்த அமிலம் எபாக்ஸி பிரைமரைக் கெட்டியாக விடாது. நான்கு மட்கார்டையும் ஒரே வாரத்தில் உரித்து வரிசையாக நிறுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒன்றை மட்டும் உரித்து, கையுறை போட்டுக்கொண்டு கிரீஸ் போகத் துடைத்து, அன்றைக்கே எபாக்ஸி அடித்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள்.